அராகோனின் தேர்வு

எங்கள் தொழிலில் நீங்கள் எவ்வளவு நன்றாக விமானம் ஓட்டுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் எண் என்ன என்றுதான் கேட்பார்கள். கம்பெனியில் சேரும் நாளில் சீனியாரிட்டி பட்டியலின் அடியில் ஒரு எண் கொடுப்பார்கள். எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பீர்களா அல்லது பஃபலோவில் ஏதோ ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் தின்பீர்களா, எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்யும். மேலே ஒருவர் அறுபது வயதாகி ஓய்வு பெற்றால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். எங்கள் ஆட்கள் ஓய்வு விருந்துகளில் அவ்வளவு மனதாரக் கைதட்டுவது அதனால்தான்.

ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவர் மேலே. என் நண்பன் வென்டெல் டுப்ரே என்னைவிடச் சில நாள் முன்னால் பிறந்துவிட்டான். அந்தப் புண்ணியத்தில் அவன் ஆயுசுக்கும் எனக்கு மேலே. "கொஞ்சம் சீக்கிரம் பொறக்க வேண்டாம்னு உன்னை யாரு தடுத்தா, கோவாச்?" என்று கேட்பான். என் பெயர் லோரெய்ன் கோவாச். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவனும் அவன்தான். அதில் பொய் ஒன்றுமில்லை.

நாங்கள் கிளீவ்லாந்தின் லேக்‌ஷோர் ஏர்வேஸ் ஆட்கள். நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு ஜனங்கள் பறக்கப் பயந்தார்கள், கம்பெனி பட்டியலை அடியிலிருந்து வெட்டியது. வெட்டியதில் நானும் வென்டெலும் இருந்தோம். இதற்கு எங்கள் வட்டாரத்தில் ஃபர்லோ என்று பெயர். வேலை போய்விட்டது என்று சொல்லக் கூடாது. சம்பளம் கிடையாது, சீருடை அலமாரியில், ஆனால் எண் மட்டும் உன்னுடையது. ஆள் தேவைப்படும்போது மேலிருந்து வரிசையாகக் கூப்பிடுவோம் என்பது ஒப்பந்தம். வென்டெல் சரக்கு லாரி ஓட்டப் போனான். என் கணவர் க்ளென்னுக்கு டென்வர் பக்கம் அரோராவில் பள்ளிக்கூட பேண்டு வாத்தியார் வேலை கிடைத்தது. நானும் அங்கே போய், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுவதற்கான, பெரிய இரும்புக் கால்களில் ஆடும் சிமுலேட்டர் பெட்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். வாடகைக்கு எடுக்கும் கம்பெனிகளின் விமானிகளுக்கு நான் பாடம் எடுத்தேன், பிறகு தேர்வாளராகவும் ஆனேன். நாலு வருஷம் வானத்துக்கே போகாமல் மற்றவர்களை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

அந்த வருஷம் லேக்‌ஷோரும் அரிசோனாவின் காப்பர்ஸ்டேட் ஏர்லைன்ஸும் ஒன்றாவதாக அறிவித்தார்கள். இரண்டு கம்பெனி இணைவது பத்திரிகையில் கைகுலுக்கும் படம். இரண்டு சீனியாரிட்டி பட்டியல் இணைவது பங்காளிச் சண்டை. யாருக்கு மேல் யார் என்று இரு தரப்பு சங்கங்களும் ஆறு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை கணக்கு. அன்றைக்கு வேலையில் இருப்பவர்களை இரு பக்கத்திலிருந்தும் ஒருவர் மாற்றி ஒருவராகக் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் மேல் இடம் பணபலம் அதிகமுள்ள காப்பர்ஸ்டேட்டுக்கு. ஃபர்லோவில் வீட்டில் இருப்பவர்களும், பயிற்சியில் இன்னும் தேறாத புது ஆட்களும் எல்லாருக்கும் கீழே.

தீர்ப்பு வந்த கையோடு லேக்‌ஷோர் ஃபர்லோவில் மிச்சமிருந்த சிலரையும் திரும்பக் கூப்பிட்டது. கூப்பிட்டவர்களில் கடைசி ஆள் நான். சனிக்கிழமைக்குள் வருகிறேன் என்று சொன்னால் வேலையில் இருப்பவளாகக் கணக்கு. இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடவும் எங்களுக்கு உரிமை உண்டு, எண் பறிபோகாது. சாதாரணக் காலத்தில் அது நல்ல சலுகை. கையில் வேறு வேலை உள்ளவர்கள் ஜாலியாகத் தள்ளிப்போட்டுவிட்டு, அடுத்த முறை பார்ப்போம் என்று இருப்பார்கள். இணைப்புக் காலத்தில் தள்ளிப்போட்டால் மொத்தப் பட்டியலின் அடியில் போய் விழ வேண்டியதுதான்.

கம்பெனியின் அழைப்புக் கடிதத்தைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு நானும் க்ளென்னும் அதைச் சுற்றி இரண்டு நாள் நடந்தோம். மூன்றாம் நாள் காலை அவர் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரிட்டோவை என் முன்னால் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"என்னதான் முடிவு பண்ணியிருக்க, லோர்?"

"முடிவு பண்ணியிருந்தா இப்படி உக்காந்திருப்பேனா?"

"போகணும்னா போ. நான் குறுக்க நிக்கல. ஆனா ஒண்ணு யோசி. ரெண்டு கம்பெனியும் சேர்ந்ததும் ஆள் அதிகம்னு மறுபடி அடியிலேர்ந்து வெட்டுவாங்க. அப்ப இந்த வேலையும் இருக்காது. உங்க மேனேஜர் பெத் உன் நாற்காலியைக் காலியா வச்சுக் காத்திருக்க மாட்டா."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். என் மேல எதுக்குப் பாயற?"

"வேற யாரு இருக்கா இங்க, பாய்றதுக்கு?"

அவர் சிரித்துவிட்டு ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். க்ளென் சொன்னதில் தப்பில்லை. இங்கே நான் தேர்வாளர், நல்ல மரியாதை, தினமும் வீட்டுச் சாப்பாடு. அங்கே போனால் நாற்பத்திமூன்று வயதில் பட்டியலின் ஆகக் கடைசி எண். அந்தக் கடைசி ஆளை எங்கள் தொழிலில் தக்கை என்பார்கள், தொட்டியின் அடி ஓட்டையில் செருகி வைக்கும் தக்கை. வெட்டு வந்தால் முதலில் பிடுங்கப்படுவது அதுதான்.

அன்று மத்தியானம் வென்டெல் கூப்பிட்டான். அவன் லாரியை விட்டுவிட்டு, திரும்ப வருவதாகச் சொல்லி, சங்கத்தின் இணைப்புக் குழுவிலும் சேர்ந்திருந்தான். குரலே ஒரு மாதிரி தேன் தடவியிருந்தது.

"கோவாச், காப்பர்ஸ்டேட்டோட கடைசி வகுப்பு உங்க மையத்துலதானே நடக்குது? ஆறு பேரு?"

"ஆமா. அஞ்சு பேரு தேறியாச்சு. எங்க இன்னொரு தேர்வாளன் மார்வ்தான் பாத்தான்."

"ஆறாவது ஆளு?"

"யாரோ அராகோன்னு. வெள்ளிக்கிழமை."

"அந்த அராகோன் யாருன்னு உனக்குத் தெரியுதா? அவங்க பட்டியல்ல கடைசி. நம்ம பட்டியல்ல கடைசி நீ. உன் ஜோடி அவன்தான். அவன் வெள்ளிக்கிழமை தேறினா உனக்கு மேல. தேறலைன்னா அடுத்த வாரம்தான் அடுத்த தேர்வு, தேதி தாண்டிடும். அப்ப அவன் உனக்குக் கீழ. தக்கை அவன்தான், நீ இல்ல."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. மார்வுக்குச் சிறுநீரகக் கல்லுன்னு கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை தேர்வு உன்கிட்ட வந்தா, கொஞ்சம் கண்டிப்பா இரு. அவ்வளவுதான்."

"நான் எப்பவும் கண்டிப்பாத்தான்டா இருக்கேன்!"

"அப்ப இன்னும் நல்லது. உன்னை யாரு தப்பு சொல்ல முடியும்?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன். எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்னதற்கு முன்பே அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்திருந்தேன்.

நேராக பெத்தின் அறைக்குப் போனேன். பெத் லிண்ட்க்விஸ்ட் எங்கள் மையத்தின் மேலாளர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை உட்காரவைத்துவிடுவாள்.

"வெள்ளிக்கிழமை தேர்வை நான் எடுக்க முடியாது," என்றேன். "அந்த ஆள் தேறினா எனக்கு நஷ்டம், தேறலைன்னா எனக்கு லாபம். வேற யாரையாவது போடு."

"வேற யாரு? மார்வ் ஆஸ்பத்திரியில முனகிட்டிருக்கான். அரசாங்க ஆய்வாளர் டாலஸ்ல. நீ ஒருத்திதான்."

"காப்பர்ஸ்டேட்காரங்க சும்மா விடுவாங்களா?"

"அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் எண், அவரு எண், எல்லாம். ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

என்னால் நம்ப முடியவில்லை. "பைத்தியமா அவங்களுக்கு?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும். வெள்ளிக்கிழமை காலைல வந்து சேரு, லோரெய்ன்."

வெள்ளிக்கிழமை வெளியே மார்ச் மாதத்துப் பனி. உள்ளே காபி அறையில் எனக்காகக் காத்திருந்தவரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தேன். புதுசாகச் சேரும் விமானி என்றால் மீசை முளைக்கும் பருவத்தில் ஒரு பையனை எதிர்பார்ப்போம். எலியாஸ் அராகோன் என்னைவிட மூத்தவர், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். குட்டையான, தடித்த கழுத்துள்ள ஆள். நியூ மெக்ஸிகோவில் மெஸிலாப் பக்கம் மிளகாய் வயல்களுக்கும் பருத்திக்கும் மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டியவர். சொந்தமாக இரண்டு விமானம் வைத்திருந்தவர் என்பது அவருடைய காகிதங்களில் இருந்தது. காப்பர்ஸ்டேட்டில் ஒரு வகுப்புக்குள் யார் மேல் யார் கீழ் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அவருக்கு விழுந்தது கடைசிச் சீட்டு.

"நம்ம ரெண்டு பேரு எண்ணு பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"தெரியும் கேப்டன்."

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடலாம். தப்பா நெனைக்க மாட்டேன்."

"காபி ஆறிப்போகுது. ஆரம்பிக்கலாமா?" என்றார்.

இரண்டு மணி நேரம் அந்த மனிதரிடம் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டரில் தேர்வாளரின் இருக்கை இரண்டு விமானிகளுக்கும் பின்னால். அங்கிருந்து ஒரு பித்தானைத் தட்டினால் முன்னால் தீப்பிடிக்கும், சக்கரம் இறங்காது, மூடுபனி இறங்கும். கிட்டத்தட்ட கடவுள் வேலை. புறப்படும்போது இன்ஜினை நிறுத்தினேன், அலட்டாமல் ஏறினார். மின்சாரத்தைப் பிடுங்கினேன். இடது இருக்கையில் துணைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் ஆள் திரும்பி என்னைப் பார்த்தான், அவர் பார்க்கவில்லை. கால்கள் இரண்டும் மிதிகளில் சதா லேசாக அசைந்துகொண்டே இருந்தன. வயல் மேல் பறந்தவர்களின் கால் அப்படித்தான் இருக்கும். நல்ல விமானி. எனக்கு அது பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது ஒன்றுதான். ஒரு இன்ஜின் செத்த நிலையில் மூடுபனிக்குள் இறங்கி வர வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் ஓடுதளம் தெரியாவிட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். நான் மூடுபனியை அடர்த்தியாக்கினேன். அவர் அந்த உயரத்துக்கு வந்தார், ஓடுதளம் தெரியவில்லை, "மேலே போறோம்" என்று சொல்லி இன்ஜின் விசையை முன்னால் தள்ளினார். சொன்னது சரி. ஆனால் கை வேறொன்றைச் செய்தது. விமானத்தின் மூக்கைத் தூக்குவதற்குப் பதிலாக ஒரு நொடி லேசாகக் கீழே தாழ்த்தியது. விமானம் தரையை நோக்கி இன்னும் கொஞ்சம் இறங்கி, அதன் பிறகுதான் ஏறியது.

ஒரு நொடிதான். ஆனால் அந்த உயரத்தில், நூற்றைம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு நொடியை யாருக்கும் கொடுக்க முடியாது. சிமுலேட்டரை உறையவைத்தேன். முன்னால் திரையில் சாம்பல் மூடுபனி அப்படியே நின்றது.

"தேர்வை நிறுத்தறேன்," என்றேன். "ஏன்னு தெரியுதா?"

அராகோன் உறைந்த திரையைப் பார்த்தார். "இறக்கிட்டேன்," என்றார். "தூக்கறதுக்கு முன்னாடி இறக்கிட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எவனும் வாய் திறக்க முடியாத நியாயமான தோல்வி. வென்டெல் சொன்ன மாதிரி, நான் கண்டிப்பாக இருந்தேன், அவ்வளவுதான். இனி அவர் எனக்குக் கீழே. கடைசி எண்ணின் பயம் இல்லாமல் நான் கிளீவ்லாந்துக்குப் போகலாம்.

ஆனால் விதியில் இன்னொன்று உண்டு. ஒரே ஒரு பகுதியில் தவறினால், தேர்வை நிறுத்திவிட்டு அங்கேயே கற்றுக்கொடுத்து, அதை மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம். நேரம் இருக்க வேண்டும், தேர்வாளருக்கு மனம் இருக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. நேரம் முடிந்தது, நன்றி, அடுத்த வாரம் வாருங்கள் என்று எழுந்து போய்விடலாம். எங்கள் நேரம் கிட்டத்தட்ட முடிந்தும் இருந்தது.

நாலு வருஷத்தில் எத்தனையோ பேரைத் தேர்வு பார்த்திருக்கிறேன். அந்த இன்னொரு முறையை நான் யாருக்கும் மறுத்தது கிடையாது. திமிர் பிடித்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன், என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். இவருக்கு மட்டும் மறுத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். சந்தோஷம் வந்த வேகத்திலேயே அதன் மேல் கோபம் வந்தது. வென்டெல் மேல், நடுவர் மேல், இப்படி ஒரு இடத்தில் என்னை உட்காரவைத்த பட்டியல் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே கோபம்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஹேங்க்கைக் கூப்பிட்டேன். "அடுத்த குழு வந்தாச்சா?"

"கொரியா சரக்கு கம்பெனிக்காரங்க. காபி குடிச்சிட்டிருக்காங்க."

"இன்னொரு கப் ஊத்திக் குடு. எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும். கேக்கும் குடு!"

பிறகு அராகோன் பக்கம் குனிந்தேன். "இது இப்ப தேர்வு இல்ல, பாடம். கேள்வி கேக்கலாம். மருந்து தெளிக்கும்போது இன்ஜின் முரண்டு பிடிச்சா என்ன செய்வீங்க?"

"மூக்கைத் தாழ்த்துவேன். வேகம் வேணும். வேகம் இல்லைன்னா செத்தோம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தஞ்சு."

"அதான். கை அங்கயே இருக்கு. அங்க உங்களுக்கு இருந்தது ஒரே இன்ஜின், அது போச்சுன்னா எல்லாம் போச்சு. இங்க இன்னொண்ணு இருக்கு. முழு பலத்தோட ஓடிட்டிருக்கு. அது உங்களைத் தூக்கும். நீங்க அதை நம்பல."

"தலைக்குத் தெரியுது கேப்டன். கைக்குத் தெரியல."

"அப்ப கைக்குச் சொல்லிக் குடுப்போம்."

மூன்று முறை செய்யவைத்தேன். முதல் முறை மறுபடியும் தாழ்த்தினார், ஸ்பானிய மொழியில் எதையோ சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டாம் முறை தாழ்த்தவில்லை, ஆனால் தயங்கினார். மூன்றாம் முறை விசையும் மூக்கும் ஒன்றாகப் போயின. பாடத்தை அங்கே முடித்தேன்.

"இப்ப மறுபடி தேர்வு," என்றேன். "இதுல நான் வாயத் திறக்க மாட்டேன்."

சலுகை எதுவும் காட்டவில்லை. முதலில் இடது இன்ஜினை நிறுத்தியிருந்தேன், இப்போது வலதை நிறுத்தினேன். விதி அனுமதிக்கும் அளவுக்குக் குறுக்குக் காற்றையும் சேர்த்தேன். பெட்டி கிடந்து ஆடியது. அவர் இறங்கி வர வர, முழங்காலில் வைத்திருந்த என் கை தானாக இறுகியது. அவர் ஜெயிக்க வேண்டும் என்று இறுகியதா, தோற்க வேண்டும் என்றா, இன்றைக்கு வரை சொல்லத் தெரியவில்லை. அந்த உயரம் வந்தது. ஓடுதளம் இல்லை. "மேலே போறோம்." மூக்கு நிமிர்ந்தது. ஒரு அடிகூட இறங்கவில்லை. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, செத்த இன்ஜினையும் இழுத்துக்கொண்டு, விமானம் சமமாக ஏறியது. மேலே வெயில் வந்தது.

சிமுலேட்டரிலிருந்து இறங்கும் சின்ன இரும்புப் பாலத்தின் வழியாக வெளியே வந்தபோது கொரியாக்காரர்கள் கேக் தட்டோடு நின்றுகொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சின்ன அறையில் உட்கார்ந்து அராகோனின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். என் எண்ணைக் கடைசி எண்ணாக ஆக்கிய கையெழுத்து. பேனா நன்றாகவே எழுதியது.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "உங்க கம்பெனி ஏன் ஆட்சேபம் சொல்லல? நான் உங்க இடத்துல இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன்."

"கம்பெனி சொல்லத்தான் பாத்துச்சு. வேண்டாம்னேன். நான்தான் உங்களையே போடச் சொன்னேன்."

"என்னையா? எதுக்கு?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். "பாருங்க, இந்தத் தேதிக்குள்ள எங்க ஆறு பேரையும் அவசர அவசரமாத் தள்ளிவிட்டாங்கன்னு உங்க ஆளுங்க இப்பவே பேசறாங்க. காலம்பூரா பேசுவாங்க. ஒவ்வொருத்தன் பக்கத்துலயும் உக்காரும்போது, இவன் எப்படித் தேறினான்னு பாப்பான். ஆனா என்னை நீங்க பாஸ் போட்டா எவன் என்ன சொல்ல முடியும்? நான் தேறினா நஷ்டப்படற ஒரே ஆளு நீங்கதானே."

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். 

"ஃபெயில் பண்ணியிருந்தா?"

"பண்ணத்தானே செஞ்சீங்க?" என்று சிரித்தார். "நியாயமாத்தான் செஞ்சீங்க. அந்தக் கையோட நான் ஜனங்களை ஏத்திட்டுப் போயிருக்கக் கூடாது."

"சொந்தமா ரெண்டு விமானம் இருந்துச்சே. அதை வித்துட்டு, இந்த வயசுல, கடைசி நம்பருக்கு ஏன் வந்தீங்க?"

"அறுபதுல எப்படியும் இறக்கிவிட்டுடுவாங்க. நடுவுல கொஞ்ச வருஷம் இருக்கு. முப்பதாயிரம் அடியில சூரியன் உதிக்கறதைப் பாக்கணும்னு ஆசை. வயல் மேல இருந்து பாத்தா பருத்திச் செடி மட்டும்தான் தெரியும்." எழுந்து கைகொடுத்தார். "நீங்க போறீங்களா கேப்டன், கிளீவ்லாந்துக்கு?"

"உங்களுக்குக் கீழ உக்காரவா?"

"கடைசி நம்பரும் பறக்கத்தான் செய்யுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெத்திடம் போய் வேலையை விடுகிறேன் என்றேன். அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தெரியும். ஆனா இந்த நாற்காலி காத்திருக்காது," என்றாள். தெரியும் என்று நானும் சொன்னேன். பிறகு கிளீவ்லாந்துக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இருந்த பெண் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. க்ளென்னுக்கும் சொன்னேன். "அப்பாடா," என்றார், "இனி யார் மேல பாய்வ, வானத்து மேலயா?" பின்னால் முப்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

காரில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வென்டெல் கூப்பிட்டான்.

"என்னாச்சு? உன் ஜோடி?"

"பாஸ்."

 அந்தப் பக்கம் பெருமூச்சு. "முதல் தடவையிலயா?"

"இல்ல. ரெண்டாவதுல."

"ரெண்டாவதா?" அவன் குரல் எகிறியது. "அப்ப முதல் தடவை விழுந்துட்டானா? நிறுத்திட்டு வந்திருக்கலாமே! யாரு கேட்டிருப்பா? உனக்கு மூளை கீளை இருக்கா?"

"இருக்கு. நான் வர்றேன்னும் சொல்லியாச்சு."

"வர்றியா? வந்து என்ன பண்ணப் போற? மொத்தப் பட்டியல்லயும் கடைசி நீ. நீதான் தக்கை. அடுத்த வெட்டுல முதல் ஆளு நீ. உனக்கு மேல உக்காந்திருக்கறவன் உன் கையாலேயே ஏறினவன். வெக்கமா இல்ல?"

அவன் கத்தி முடிக்கும் வரை சுரண்டினேன். கண்ணாடி சுத்தமாகிவிட்டது.

"வென்டெல், எனக்கு மேல இருக்கறவன் எப்படி ஓட்டுவான்னு எனக்குத் தெரியும்," என்றேன். "உனக்கு மேல இருக்கறவன் எப்படி ஓட்டுவான், சொல்லு பாப்போம்?"

சுரண்டியைப் பின்சீட்டில் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினேன்.